உயிரோடு இருக்கும்போதே அளப்பது

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடவேண்டும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த ஊசிமருந்து மூளையிலிருந்து தயாரானது என்பது பலருக்குத் தெரியாது. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் வகுத்த முறை அது: ரேபிஸ் வைரஸை விலங்கின் மூளையில் வளர்த்து, அந்த மூளையை அரைத்து, பீனால் கலந்து வைரஸைச் செயலிழக்க வைப்பது. இந்தியாவில் அதற்குப் பெரும்பாலும் பயன்பட்டது ஆட்டு மூளை. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் பல பத்தாண்டுகள் ஆட்டுமூளைத் தடுப்பூசியைத் தயாரித்தது.

ரேபிஸ் முற்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆகவே அந்த ஊசி காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ கால் மரத்துப்போனது. சிலருக்கு உடல் செயலிழந்தது. அவர்களைத் தாக்கியது ரேபிஸ் அல்ல. ஊசியில் வைரஸோடு ஆட்டின் மயலினும் சேர்ந்தே உள்ளே போயிருந்தது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள கொழுப்பு மிகுந்த உறைதான் மயலின். அதைப் பகையென்று பழகிக்கொண்ட உடல், தன் சொந்த மூளையில் இருந்த மயலினையும் தாக்கத் தொடங்கிவிட்டது. இன்று நாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசிகள் செல் வளர்ப்பில் உருவாகின்றன. மூளைத் திசு அவற்றில் இல்லை. யாரும் தயங்க வேண்டியதில்லை. பழைய ஊசியின் தயாரிப்பு இந்தியாவில் 2005-க்குள் நின்றுவிட்டது.

அந்தத் துயரத்திலிருந்து அறிவியலுக்கு ஒரு கருவி கிடைத்தது. 1930-களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ், நோயில்லாத முயலின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தார். வைரஸ் எதுவும் இல்லாமலே அவற்றின் மூளையில் அழற்சி வந்தது, மயலின் உரிந்தது. அந்தச் சோதனையின் வழிவந்த சுண்டெலி மாதிரியை ஈ.ஏ.ஈ. என்பார்கள். மனிதருக்கு வரும், இதே போல மயலின் உரியும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயைப் பற்றி (இனி எம்.எஸ்.) நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்த எலிகளிடமிருந்து வந்தது. எம்.எஸ். பெரும்பாலும் 20-லிருந்து 40 வயதுக்குள் தலைகாட்டும். படிப்பும் வேலையும் குடும்பமும் ஒன்றுகூடி நிற்கிற வயதில் ஒருவரின் பார்வையையும் நடையையும் தொட்டுவிடுகிற நோய் என்பதால்தான் இதற்கு இத்தனை இடம் தருகிறேன்.

அந்தத் தாக்குதலில் சேர்பவற்றில் மூளைக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்களும் உண்டு. அவற்றுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். 1919-இல் ஸ்பெயினின் பியோ தெல் ரியோ ஓர்தேகா வெள்ளிச் சாயமேற்றி அவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். ரத்த அணுக்களைப் போல எலும்பு மஜ்ஜையிலிருந்து வருபவை அல்ல இவை. கரு உருவாகும் தொடக்க நாட்களிலேயே மஞ்சள்கருப் பையிலிருந்து கிளம்பி மூளைக்குள் நுழைந்துவிடுகின்றன. காயம்பட்டால் விழித்தெழுபவை என்றுதான் வெகுகாலம் எண்ணினார்கள். 2005-இல் உயிருள்ள எலியின் மூளையை நேரடியாகப் பார்த்தபோது, எந்தக் காயமும் இல்லாத வேளையிலும் அவற்றின் கிளைகள் ஓயாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருந்தன.

அழற்சி வரும்போது இவை மயலினைத் தாக்கும் படையோடு சேர்கின்றன. பிறகு சிதைந்த மயலினை விழுங்கித் துப்புரவும் செய்கின்றன. அந்தத் துப்புரவு நடக்காமல் புதிய உறை வளராது. கெடுப்பதும் சீர்செய்வதும் ஒரே செல். இப்போது அது இரண்டில் எதைச் செய்கிறது? நுண்ணோக்கியில் தெரியும் வடிவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. அது தன் சர்க்கரையை என்ன செய்கிறது என்று பார்த்தால் நிறையச் சொல்லலாம்.

1920-களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் ஒரு விசித்திரத்தைக் கண்டார். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் புற்றுச் செல்கள் குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் பாதியிலேயே லாக்டேட்டாக்கி வெளியே தள்ளின. முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) கிடைக்கும், பாதியில் விட்டால் 2 மட்டுமே. இதே போக்கு, தூண்டப்பட்ட நோயெதிர்ப்புச் செல்களிலும் உண்டு. பாக்டீரியாவின் சுவர்ப்பொருள் பட்டதும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் குளுக்கோஸை அள்ளி இழுத்து லாக்டேட்டாக்குகின்றன. ஆற்றல் குறைவுதான். ஆனால் வேகம் கிடைக்கிறது, புதிய மூலக்கூறுகளைக் கட்ட மூலப்பொருளும் கிடைக்கிறது.

அந்த நேரத்தில் மைட்டோகாண்ட்ரியாவில் நடப்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு. அங்கே எரிப்பை முடித்துவைக்கும் கிரெப்ஸ் சுழற்சி இரண்டு இடங்களில் அறுபடுகிறது. அதன் இடைப்பொருளான சக்சினேட் தேங்குகிறது. அந்தத் தேக்கமே ஓர் ஆணை என்பதை டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் லூக் ஓநீலின் குழு 2013-இல் காட்டியது: தேங்கிய சக்சினேட், ஐ.எல்.-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்க வைக்கிறது. அறுபட்ட இன்னோர் இடத்திலிருந்து இட்டாகோனேட் என்ற பொருள் பிறக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையைத் தொட்டிகளில் வளர்த்துத் தொழிற்சாலைகள் பிளாஸ்டிக் பிசின்களுக்காகத் தயாரித்துவந்த பொருள் அது. அதைத் தயாரிக்கும் நொதி நம் செல்களில் எது என்று 2013-இல் லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். இட்டாகோனேட் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது. பிற்பாடு அழற்சியைத் தணிக்கவும் செய்கிறது. வளர்சிதை மாற்றம் என்பது செல்லின் வயிற்றுப்பாடு மட்டும் அல்ல. சண்டையைத் தொடங்கும் சொல்லும் நிறுத்தும் சொல்லும் அங்கேதான் உருவாகின்றன.

இதை எப்படி அளப்பது? வழக்கமான வழி, செல்களை மூளையிலிருந்து பிரித்தெடுத்துத் தட்டில் வளர்ப்பது, அல்லது அரைத்துச் சாறெடுத்து ஆராய்வது. மைக்ரோகிளியாவுக்கு இரண்டுமே சரிவராது. மூளையிலிருந்து வெளியே எடுத்த சில மணி நேரத்திலேயே அவை தம் அடையாள ஜீன்களை அணைக்கத் தொடங்குகின்றன. செல் வளர்க்கும் ஊடகங்களில் பரவலாகப் பயன்படும் ஒன்றில் குளுக்கோஸின் அளவு 25 மில்லிமோலார். மூளையில் செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தில் அது 1 அல்லது 2 மில்லிமோலார்தான். பத்து மடங்குக்கும் மேல் சர்க்கரையில் மிதக்கும் செல்லிடம், நீ சர்க்கரையை எப்படிச் செலவிடுகிறாய் என்று கேட்டுப் பெறும் பதிலை நான் எளிதில் நம்பமாட்டேன். உயிரோடு, இருந்த இடத்தில், தொடாமல் அளக்க வேண்டும். அதற்கு ஒளியும் ரேடியோ அலையும்தான் வழி.

முதலில் ஒளி. ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்று ஓர் எண் வருமே, அதை அளக்கும் கருவி பெரும்பாலும் பார்ப்பது 340 நானோமீட்டர் புற ஊதா ஒளியைத்தான். அந்த ஒளியை விழுங்கும் மூலக்கூறு என்.ஏ.டி.எச். வைட்டமின் பி3-யிலிருந்து உருவாகும் இது, சர்க்கரை எரியும்போது எலக்ட்ரான்களைச் சுமந்து செல்கிறது. எலக்ட்ரானோடு இருக்கும்போது 340-ஐ விழுங்கி, 460 நானோமீட்டர் அளவில் நீலமாக ஒளிர்கிறது. எலக்ட்ரானை இறக்கிவிட்டால் அந்த ஒளிர்வு இல்லை. சாயம் எதுவும் ஏற்றாமல் செல் தானாகவே தன் கணக்கைக் காட்டுகிறது என்பதுதான் இதன் அருமை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பிரிட்டன் சான்ஸ் இதைப் பற்றிக்கொண்டார். 1962-இல் மயக்கத்தில் இருந்த எலியின் மூளைமேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, ஆக்சிஜன் குறையும்போது அந்த நீல ஒளிர்வு கூடுவதைப் பதிவு செய்தார். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவரும் இவரே. கருவிகளைத் தம் கையாலேயே கட்டும் பழக்கம் கடைசிவரை இருந்தது. 97 வயதுவரை வாழ்ந்தார்.

சான்ஸ் அளந்தது ஒளியின் அளவை. இன்று அளப்பது அதன் ஆயுளை. ஒளியை விழுங்கிய என்.ஏ.டி.எச். உடனே அதைத் திருப்பித் தருவதில்லை, சற்றுத் தாமதிக்கிறது. செல்லில் தனியே மிதக்கும்போது அந்தத் தாமதம் சுமார் 0.4 நானோவினாடி. ஒரு நொதியின் பிடியில் இருந்தால் பல மடங்கு நீள்கிறது. எந்த நொதி என்பதைப் பொறுத்து எண் மாறும். ஒரு நானோவினாடியில் ஒளி கடக்கும் தூரம் 30 சென்டிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேலின் நீளம். இத்தனை சிறிய தாமதத்தை அளக்க லேசரை வினாடிக்கு 8 கோடி முறை துடிக்க விடுகிறார்கள். பெரும்பாலான துடிப்புகளுக்குப் பதிலாக ஒரு ஃபோட்டான்கூட வந்து சேர்வதில்லை. எப்போதாவது ஒன்று வரும். அது வந்த நேரத்தைக் கருவி குறித்துக்கொள்ளும். அப்படி ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கான ஃபோட்டான்களைச் சேர்த்த பிறகே ஒரு படம் கிடைக்கிறது. அந்தப் படத்தில் நிறம் என்பது வெளிச்சத்தின் அளவு அல்ல, நேரம்.

புற ஊதா மூளைக்குள் ஆழமாகப் போகாது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு: அதன் பாதி ஆற்றலுள்ள அகச்சிவப்பு ஃபோட்டான்கள் இரண்டை ஒரே கணத்தில் விழுங்க வைப்பது. இது நடக்கும் என்று 1931-இல் கணக்கிட்டவர் மரியா கோப்பர்ட் மேயர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990-இல்தான் அது நுண்ணோக்கியானது.

பெர்லினில் ரலூகா நீஸ்னரும் ஹெலனா ராட்புருக்கும் அடங்கிய குழு இந்த முறையை ஈ.ஏ.ஈ. எலிகளிடம் கொண்டுபோனது. அவர்கள் தேடியது குறிப்பான ஒன்றை. நோயெதிர்ப்புச் செல்களிடம் நாக்ஸ் எனப்படும் நொதிகள் உண்டு. என்.ஏ.டி.எச்.-இன் நெருங்கிய உறவான என்.ஏ.டி.பி.எச்.-ஐப் பிடித்து, அதன் எலக்ட்ரானை ஆக்சிஜன்மேல் ஏற்றி, நச்சாக வெளியே வீசுபவை. கிருமியைக் கொல்ல இது தேவை. மூளைக்குள் வீசினால் நரம்பு செத்துப்போகும். நாக்ஸின் பிடியில் உள்ள மூலக்கூறின் ஒளிர்வு ஆயுள் சுமார் 3.65 நானோவினாடி. மற்றவற்றைவிட நீளமானது என்பதால் தனியே பிரித்தெடுக்கலாம். நொதி அங்கே இருக்கிறதா என்பதை மட்டும் அல்ல, இந்த நொடியில் வேலை செய்கிறதா என்பதையே உயிருள்ள எலியில் பார்த்தார்கள்.

2015-இல் வெளியான முடிவுகளில் மூன்று செய்திகள் உண்டு. வெளியிலிருந்து நுழைந்த மோனோசைட்டுகள் மட்டும் அல்ல, மூளையின் சொந்த மைக்ரோகிளியாவும், நோயெதிர்ப்புப் படையில் சேராத, நரம்புச் செல்களுக்குத் துணையிருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகளும்கூட நச்சை வீசின. அந்த இடங்களில் நரம்புச் செல்களுக்குள் கால்சியம் உயர்ந்தே இருந்தது. அது நரம்பு தத்தளிப்பதன் அடையாளம். நோயின் பிந்தைய கட்டங்களில் ரத்தத்தில் ஓடும் செல்களிலும் நாக்ஸ் ஓயாமல் ஓடியது. எலியில் மட்டுமின்றி எம்.எஸ். நோயாளிகளிடமும் அப்படியே. ஆய்வாளர்கள் இதை ஒருவகை நினைவு என்றார்கள். எனக்கு இந்தக் கடைசிச் செய்தியே பெரிதாகப் படுகிறது. தாக்குதல் ஓய்ந்தது, நோயாளி தேறிவிட்டார் என்று நினைக்கிற காலத்திலும் செல்கள் போர்க்கோலத்தைக் கலைக்கவில்லை.

ஓர் எச்சரிக்கையும் இங்கே அவசியம். என்.ஏ.டி.எச்., என்.ஏ.டி.பி.எச். இரண்டும் ஒரே நிறத்தில்தான் ஒளிர்கின்றன. ஆயுள் நீண்டதற்கு வேறு நொதிகளும் காரணமாகலாம். நாக்ஸ் இல்லாத விலங்கிலும், நாக்ஸைத் தடுக்கும் மருந்து கொடுத்த விலங்கிலும் அந்த எண் மறைகிறதா என்று பார்க்காமல், 3.65 என்ற எண்ணை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஒளியால் இன்னொன்றும் முடிகிறது. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில், கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு கண்ட விளைவு, மூலக்கூறு அதிரும் விதத்துக்கேற்பச் சிதறும் ஒளியின் நிறம் மாறுவதைச் சொல்கிறது. கொழுப்பிலுள்ள கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளின் அதிர்வு மிகப் பலமான குறியைத் தரும். மயலினின் உலர் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு கொழுப்பு என்பதால் ராமன் நுண்ணோக்கியில் அது சாயமின்றியே பளிச்சென்று தெரிகிறது. அதை விழுங்கிய செல்களின் வயிற்றிலுள்ள கொழுப்புத் துளிகளும் தெரிகின்றன. விழுங்கியதைச் செரிக்க முடிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. முதிய எலிகளின் மைக்ரோகிளியாவால் மயலினின் கொலஸ்ட்ராலை வெளியேற்ற முடியாமல், அது உள்ளேயே படிகமாகி அழற்சியை நீடிக்க வைக்கிறது என்று 2018-இல் மியூனிக்கின் மிகாயேல் சைமன்ஸ் குழு காட்டியது. வயதான பிறகு மயலின் சரியாகத் திரும்ப வளராததற்கு இது ஒரு காரணம்.

இவையெல்லாம் எலிக்கு. ஒளி மூளைக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதே பெரும்பாடு. மண்டை ஓட்டைத் திறக்காமல் மனிதரிடம் அளக்க எம்.ஆர்.ஐ. காந்தம்தான் வேண்டும்.

அதே ஸ்கேன் கருவியைப் படம் எடுக்கச் சொல்லாமல் நிறமாலை எடுக்கச் சொல்லலாம். மூளையில் ஒரு கனசதுரத்தைத் தேர்ந்தெடுத்தால், அதிலுள்ள பொருள்கள் தனித்தனி முகடுகளாக வரும். நரம்புச் செல்களின் அடையாளமான என்.ஏ.ஏ. (பி.பி.எம். அலகில்) 2.02 என்ற இடத்தில், லாக்டேட் 1.33-இல் இரட்டை முகடாக. எம்.எஸ். மயலினை உரித்த இடமான தழும்பில் முதல் முகடு தாழ்கிறது. அழற்சி மும்முரமாக உள்ள புதிய தழும்புகளில் லாக்டேட் எழுவதை 1990-களிலிருந்தே பார்த்துவருகிறார்கள். ஆனால் சிதைந்த மயலினிலிருந்து கழன்ற கொழுப்பும் 1.3-லேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு: ரேடியோ துடிப்பின் எதிரொலிக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சுமார் 144 மில்லிவினாடியாக வைத்தால் லாக்டேட்டின் இரட்டை முகடு தலைகீழாகத் தொங்கும், கொழுப்பு தொங்காது.

அதன் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. யாருடைய லாக்டேட் இது? அந்தக் கனசதுரத்தில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. ஒரு தெருவின் மொத்த மின்கட்டணத்தை வைத்து எந்த வீட்டில் ஏசி ஓடுகிறது என்று சொல்ல முயல்வது போன்ற வேலை இது. ஆஸ்ட்ரோசைட்டுகள் லாக்டேட்டைத் தயாரித்து நரம்புச் செல்களுக்கு உணவாகக் கொடுக்கின்றன என்ற கருத்தை 1994-இலேயே பெல்லரினும் மாஜிஸ்ட்ரெட்டியும் முன்வைத்தார்கள். ஆக, லாக்டேட் இருப்பது மட்டும் அழற்சிக்குச் சாட்சி ஆகாது.

இருப்பை விட்டுவிட்டு ஓட்டத்தை அளந்தால் நிலைமை கொஞ்சம் தெளிவாகும். இயற்கையில் கார்பனில் 1.1 விழுக்காடுதான் கார்பன்-13. அந்தக் கார்பனைப் பதித்த பைருவேட்டை (குளுக்கோஸ் உடைந்து லாக்டேட்டாகும் முன் இருக்கும் பொருள்), கிட்டத்தட்ட மைனஸ் 272 டிகிரியில் வலிய காந்தத்துக்குள் வைத்து மைக்ரோவேவ் பாய்ச்சினால் அதன் அணுக்கருக்கள் ஒரே திசையில் அணிவகுக்கும். உடனே சுடுநீரில் கரைத்து எடுத்தால் சிக்னல் 10,000 மடங்குக்கு மேல் எழுகிறது. இதை 2003-இல் யான் ஹென்ரிக் ஆர்டென்கேயர்-லார்சனின் குழு சாதித்தது. அதோடு நேரத்துடனான பந்தயமும் தொடங்கிவிடும். கரைத்த கணத்திலிருந்து அந்த அணிவகுப்பு கலைய ஆரம்பிக்கிறது. ஒரு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்குள் அமிலத்தைச் சமன்செய்து, சோதித்து, ரத்தக்குழாயில் ஏற்றி, பைருவேட் லாக்டேட்டாக மாறுவதை அளந்து முடிக்க வேண்டும்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கரோலின் குக்லியெல்மெட்டியும் மிரியம் ஷோமையும் இதை முதன்முதலாக மூளை அழற்சிக்குப் பயன்படுத்தினார்கள். 2017-இல் முடிவு வெளியானது. கூப்ரிசோன் என்ற பொருளை உணவில் கலந்து எலிகளுக்கு மயலின் உரிய வைத்தார்கள். மைக்ரோகிளியாவும் மேக்ரோஃபேஜ்களும் மொய்த்திருந்த இடத்தில் பைருவேட் வேகமாக லாக்டேட்டாயிற்று. அங்குள்ள செல்களில் பி.டி.கே.1 என்ற நொதி கூடி, பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் வழியை மூடியிருந்ததையும் கண்டார்கள். சிக்னலுக்கு ஒரு சொந்தக்காரர் அகப்பட்டார். ஆனாலும் மனிதத் தழும்பில் ரத்த–மூளைத் தடுப்பு ஓட்டையாகியிருக்கும். பைருவேட் அதிகமாகக் கசிந்ததாலேயே லாக்டேட்டும் கூடியிருக்கலாம். இரண்டின் விகிதத்தைப் பார்ப்பது அதற்குத்தான்.

இதெல்லாம் ஆய்வுக்கூட ஆர்வம் மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு ஒரு மாத்திரையைக் காட்டலாம். 1959-இல் வால்டர் ஷ்வெக்கென்டீக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் தன் சொரியாசிஸுக்கு ஃபியூமாரிக் அமிலச் சேர்மங்களைத் தானே எடுத்துப் பார்த்தார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டைமெத்தில் ஃபியூமரேட்டுக்கு 2013-இல் அமெரிக்காவில் எம்.எஸ். மருந்தாக அனுமதி கிடைத்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கான ஒரு விடை 2018-இல்தான் வந்தது: சர்க்கரையை உடைக்கும் பாதையிலுள்ள ஜி.ஏ.பி.டி.எச். நொதியைப் பிடித்து, தூண்டப்பட்ட நோயெதிர்ப்புச் செல்களின் அவசர எரிப்பை அது அடக்குகிறது. மருத்துவர்கள் ஏற்கனவே செல்களின் வளர்சிதை மாற்றத்துக்கு மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது யாரிடம் பலிக்கிறது என்பதை மூளைக்குள் அளக்கும் வழிதான் இல்லை.

அந்த இடத்தை நிரப்ப இன்னொரு முறை முன்வந்திருக்கிறது. 2018-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹென்க் டி ஃபெய்ட்டரும் ராபின் டி கிராஃபும், ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் ஏற்றிய குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். கதிரியக்கம் இல்லை, நிமிடக் கணக்கில் ஓட வேண்டியதும் இல்லை. சுமார் ஒரு மணி நேரம் கழித்து ஸ்கேன் எடுத்தால், அந்தச் சர்க்கரையில் எவ்வளவு முழுதாக எரியும் பாதையில் போய்க் குளுட்டமேட்டாயிற்று, எவ்வளவு லாக்டேட்டாயிற்று என்று தனித்தனி முகடுகள் தெரிகின்றன. மூளைப் புற்று உள்ளவரிடம் இந்த வேறுபாடு தெளிவாகவே தெரிந்தது. அதில் பயன்பட்ட கனசதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். எம்.எஸ். தழும்புகளில் பல 1 சென்டிமீட்டரைக்கூட எட்டாதவை. வருடக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும் தழும்பில் மைக்ரோகிளியா கூடியிருக்கும் விளிம்போ இன்னும் மெல்லியது. இன்னும் வலிய காந்தங்களை வைத்து அந்தக் கனசதுரத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.